65 வயதைத் தாண்டி வந்த இயலாமைக்கு ஆஸ்திரேலியாவில் உதவி பெறுவது எப்படி

64 வயதில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தவர் என்டிஐஎஸ் எனப்படும் தேசிய இயலாமைக் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வந்துவிட்டால், தேவைக்கு ஏற்ப நிதி ஒதுக்கப்படும். வருமானத்தையோ சொத்தையோ கேட்க மாட்டார்கள். வயது ஏறிய பிறகும் அதிலேயே தொடரலாம். அதே பக்கவாதம் 65-வது பிறந்தநாளுக்கு மறுநாள் வந்தால் என்டிஐஎஸ் கிடையாது, முதியோர் பராமரிப்புத் திட்டம்தான். அங்கே நிதிக்கு உச்சவரம்பு இருக்கிறது, காத்திருக்க வேண்டும், நம் பங்குக்குக் கட்டணமும் உண்டு.

இந்த ஏற்றத்தாழ்வு அரசுக்குத் தெரியாததல்ல. முதியோர் பராமரிப்பு குறித்த ராயல் கமிஷன் என்ற விசாரணை ஆணையம் 2021-இல் கொடுத்த இறுதி அறிக்கை, 2024 ஜூலை 1-க்குள் இரு தரப்புக்கும் சமமான உதவி கிடைக்க வேண்டும் என்றது. அது நடக்கவில்லை. முதியோர் ஓய்வூதிய வயது 67-க்கு நகர்ந்த பிறகும் என்டிஐஎஸ் எல்லை 65-லேயே நிற்கிறது. வயதுப் பாகுபாடு என்று புகார் கொடுத்தும் பயனில்லை. 2004-ஆம் ஆண்டின் வயதுப் பாகுபாட்டுச் சட்டம் என்டிஐஎஸ் சட்டத்துக்கு விலக்கு அளித்திருக்கிறது. ஆகவே வயது விதியோடு மல்லுக்கட்டுவதில் சக்தியைச் செலவிடாமல், மிச்சமிருக்கும் வழிகளைச் சரியான வரிசையில் பிடிப்பதே காரியம்.

முதலில் இயலாமை எதனால் வந்தது என்று பாருங்கள்

அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது குடும்பம் நேராக முதியோர் பராமரிப்புப் பதிவுக்கு ஓடுகிறது. வாகன விபத்தால் வந்த பாதிப்பு என்றால் அது தவறான கதவு. விக்டோரியாவில் டிஏசி, நியூ சவுத் வேல்ஸில் ஐகேர் நடத்தும் லைஃப்டைம் கேர், குயின்ஸ்லாந்தில் என்ஐஐஎஸ்க்யூ ஆகிய வாகன விபத்து உதவித் திட்டங்களில் மேல் வயது வரம்பு இல்லை. வண்டியில் இருந்தவர் மட்டுமல்ல, சாலையைக் கடக்கும்போது அடிபட்ட 80 வயதுப் பாட்டிக்கும் இவை பொருந்தும். தண்டுவடக் காயம், கடுமையான மூளைக் காயம் போன்றவற்றில் யார் மீது தவறு என்பதும் தடையல்ல. டிஏசி-க்கு 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மற்ற மாநிலங்களுக்கு வேறு கெடுக்கள் உண்டு. சில, வாரக்கணக்கிலேயே ஓடிவிடும். வேலையிடத்துக் காயம் என்றால் தொழிலாளர் இழப்பீட்டையும், முன்னாள் படைவீரர் என்றால் டிவிஏ எனப்படும் படைவீரர் விவகாரத் துறையையும் முதலில் கேளுங்கள்.

65 இன்னும் ஆகவில்லை என்றால்

சட்டம் பார்ப்பது ஒரே ஒரு தேதியை: விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளில் வயது 65-க்குக் கீழ் இருந்ததா? முடிவு பிறந்தநாளுக்குப் பிறகு வந்தாலும் பரவாயில்லை. எல்லா மருத்துவ அறிக்கைகளும் கைக்கு வரட்டும் என்று காத்திருப்பதால்தான் பலர் வாய்ப்பை இழக்கிறார்கள். அடையாளம், வயது, வதிவிடம், ஒப்புதல் போன்ற கட்டாயப் பகுதிகளை நிரப்பி, இருக்கும் கடிதத்தை இணைத்து, உடனே அனுப்புங்கள். மேலதிக ஆதாரம் தேவைப்பட்டால் அவர்களே அவகாசம் கொடுத்துக் கேட்பார்கள். விண்ணப்பம் கிடைத்த தேதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண் 1800 800 110. குடியுரிமை, நிரந்தர விசா, அல்லது (சில நியூசிலாந்துக் குடிமக்களுக்கு உரிய) பாதுகாக்கப்பட்ட சிறப்புப் பிரிவு விசா இருக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. என்டிஐஎஸ்-க்கு பாதிப்பு நிரந்தரமானதாக இருக்க வேண்டும். ஆனால் மறுவாழ்வுப் பிரிவு மருத்துவர்கள் நல்ல மனதோடு “முன்னேற்றம் எதிர்பார்க்கப்படுகிறது” என்று எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரியைக் காட்டியே விண்ணப்பம் நிராகரிக்கப்படும். எந்தெந்தச் சிகிச்சை செய்தாயிற்று, இன்னும் எதில் எவ்வளவு பலன் சாத்தியம், அதற்குப் பிறகும் எது தீராமல் எஞ்சும் என்று மூன்றையும் பிரித்து எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். நோயின் பெயர் மட்டும் போதாது. நடமாட்டம், பேச்சுத் தொடர்பு, பிறரோடு பழகுதல், கற்றல், தன்னைப் பராமரித்தல், தன் காரியங்களை நிர்வகித்தல் என்ற ஆறில் எதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதும் அறிக்கையில் வேண்டும்.

நிராகரிப்பு வருவதற்குள் 65 ஆகிவிட்டால் புதிதாக விண்ணப்பிக்காதீர்கள். புது விண்ணப்பம் வயதிலேயே விழுந்துவிடும். பழைய முடிவை மறுபரிசீலனை செய்யக் கேளுங்கள். அதற்கு 3 மாத அவகாசம் உண்டு. அங்கும் தோற்றால் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம் இருக்கிறது. பழைய விண்ணப்பத்தின் தேதி அங்கெல்லாம் உயிரோடு இருக்கும்.

ஏற்கெனவே என்டிஐஎஸ்-இல் இருந்துகொண்டே 65-ஐத் தாண்டியவர்களுக்கு வேறோர் எச்சரிக்கை. 65-க்குப் பிறகு முதல் முறையாக முதியோர் இல்லத்தில் நிரந்தரமாகச் சேர்ந்தாலோ, முதியோர் திட்டத்தின் வீட்டுப் பராமரிப்பை நிரந்தரமாகப் பெறத் தொடங்கினாலோ என்டிஐஎஸ் முடிந்துவிடும். திரும்பி வர வழியில்லை. ஆஸ்பத்திரியில் யாராவது “இதையும் சேர்த்துப் பதிந்து வைப்போமே” என்று படிவத்தை நீட்டினால், கையெழுத்துக்கு முன் இதைக் கேட்டுத் தெளிவாக்குங்கள்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

65-க்கு மேற்பட்டவருக்கு வீடு திரும்பிய முதல் மூன்று மாதம்தான் கடினம். அதற்கென்றே டிரான்சிஷன் கேர் என்ற திட்டம் இருக்கிறது: 12 வாரம் வரை பிசியோ, தாதியர் உதவி, தனிப்பட்ட பராமரிப்பு ஆகியவற்றை வீட்டிலோ பராமரிப்பு விடுதியிலோ தருவார்கள். தேவையானால் இன்னும் 6 வாரம் நீட்டிக்கலாம். ஆனால் நோயாளி ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே மதிப்பீடு செய்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் கிடைக்காது. “படுக்கை தேவைப்படுகிறது, நாளைக்கு அழைத்துப் போகலாமா?” என்ற கேள்வி வந்ததும், வார்டின் சோஷியல் வொர்க்கரிடம் மூன்றைக் கேளுங்கள்: டிரான்சிஷன் கேருக்குப் பரிந்துரைத்தாயிற்றா? முதியோர் பராமரிப்பு மதிப்பீடு இங்கேயே நடக்குமா? அன்றாட வேலைகளுக்கும் கருவிகளுக்கும் வழி சொல்லும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வீட்டை வந்து பார்த்தாரா? மூன்றுக்கும் பதில் வரும்வரை, வீட்டில் பாதுகாப்பாகப் பார்த்துக்கொள்ள முடியாது என்று சொல்லுங்கள்; அதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம். “எப்படியாவது சமாளிச்சுக்கிறோம்” என்று ஒரு மகள் சொல்லிவிட்டால், அதோடு எல்லாப் பரிந்துரையும் நின்றுபோகும்.

மதிப்பீட்டு நாள்

முதியோர் பராமரிப்புக்குப் பதிவு செய்யும் அரசுச் சேவையான மை ஏஜ்டு கேரின் எண் 1800 200 422. பதிவு செய்ததும் மதிப்பீட்டாளர் ஒருவர் வீட்டுக்கு வருவார். கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்களை வைத்து ஒரு கணக்கீட்டு முறைதான் நிதியின் படிநிலையை முடிவு செய்கிறது. மதிப்பீட்டாளர் எவ்வளவு இரக்கமுள்ளவராக இருந்தாலும், பதிலில் சொல்லாத தேவை கணக்கில் ஏறாது.

நம் வீட்டுப் பெரியவர்கள் தோற்பது இங்கேதான். விருந்தாளி வருகிறார் என்று வீட்டைத் துடைத்து, அம்மாவுக்கு நல்ல புடவை கட்டி, காபியும் பலகாரமும் வைத்து உட்காருவோம். “குளிக்க முடிகிறதா?” என்றால் அம்மா “ஓ, முடியுமே” என்பார். உண்மை என்ன? மகள் தண்ணீரைத் திறந்து சூடு பார்த்து, ஸ்டூலில் உட்கார வைத்து, முதுகைத் தேய்த்து, துவட்டி, உடுத்திவிட 40 நிமிடம். பிறகு அம்மாவுக்கு ஒரு மணி நேரம் படுக்கை. பதிலாக வர வேண்டியது இதுதான். உதவியோடு செய்வதை “முடியும்” என்று சொல்லக் கூடாது.

மதிப்பீட்டுக்கு முன் 7 நாள் குறிப்பு எழுதுங்கள். இரவில் எத்தனை முறை எழுப்ப வேண்டியிருந்தது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்ற எத்தனை பேர் தேவைப்பட்டார்கள், எத்தனை முறை விழுந்தார் அல்லது விழப்போனார், மருந்தை யார் எடுத்துக் கொடுத்தார், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போனது எத்தனை முறை. கடைசியில் உள்ளதைச் சொல்லக் கூச்சம் வரும். அதைச் சொல்லாமல் விட்டால் இரவு உதவியும் அதற்கான பொருள்களும் திட்டத்தில் வராது. பெரியவர் முன்னால் பேசச் சங்கடமாக இருந்தால், மதிப்பீட்டாளரிடம் தனியாகப் பத்து நிமிடம் கேளுங்கள்.

மொழிபெயர்ப்புக்குப் பிள்ளைகள் உட்கார வேண்டாம். மகன் முன்னால் அப்பா தன் இயலாமையை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டார். மகனும் அதை மெருகேற்றித்தான் ஆங்கிலத்தில் சொல்வார். டிஸ் நேஷனல் என்ற அரசு மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு, எண் 131 450. நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பராமரிப்பவரும் தன் எல்லையைச் சொல்ல வேண்டும். “நாங்க பார்த்துக்கிறோம்” என்றால், அந்தத் தேவை ஏற்கெனவே நிறைவேறுகிறது என்று பதிவாகும். “காலை 8 முதல் மாலை 6 வரை வேலைக்குப் போகிறேன், அந்த நேரத்தில் வீட்டில் யாருமில்லை, எனக்கும் முதுகு வலி, தனியாகத் தூக்க முடியாது” என்று மணிக்கணக்கோடு சொல்லுங்கள்.

மதிப்பீட்டாளர் எழுந்து போகுமுன், அவர் தயாரிக்கும் சப்போர்ட் பிளான் என்ற உதவித் திட்ட ஆவணத்தில் மூன்று ஒப்புதல்கள் தனித்தனியாக இருக்கின்றனவா என்று கேளுங்கள்: வீட்டு உதவி, கருவிகள் மற்றும் வீட்டு மாற்றம், தற்காலிகத் தங்கல் பராமரிப்பு. கடைசியானது நிதியாண்டுக்கு 63 நாள் வரை. பராமரிப்பவர் நோயில் விழுந்தால் அதுதான் கைகொடுக்கும். இவற்றில் ஒன்று விட்டுப்போனால் பிறகு மறுபடியும் மதிப்பீட்டு வரிசையில் நிற்க வேண்டும்.

பணம் எவ்வளவு, எங்கே கரைகிறது

2025 நவம்பர் 1 முதல் சப்போர்ட் அட் ஹோம் என்ற முதியோர் வீட்டுப் பராமரிப்புத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. எட்டுப் படிநிலைகள், தொடங்கியபோது முதல் படிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 டாலர், எட்டாவது படிக்கு ஏறத்தாழ 78,000 டாலர். மூன்று மாதத் தவணையாக வரும். பராமரிப்பு மேலாண்மைக்கு 10% கழிந்துவிடும். உச்சப் படியில் இருப்பவருக்கே கணக்குப் போட்டுப் பாருங்கள்: தவணை 19,500, 10% போக 17,550, அதை 13 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 1,350. பராமரிப்பாளருக்கு மணிக்கு 100 டாலர் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரம். கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவருக்கும் அவ்வளவுதான். 64 வயதில் என்டிஐஎஸ்-க்குள் வந்தவர், தேவை இருந்தால், இரவும் பகலும் ஆள் பெறக்கூடும். ஏற்றத்தாழ்வு என்று சொல்வது இதைத்தான்.

ஆகவே மணிகளை வாரம் முழுக்கச் சமமாகத் தூவாதீர்கள். குடும்பத்தால் செய்யவே முடியாதவற்றுக்கு முதலில் ஒதுக்குங்கள்: இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய காலை நேரம், பிள்ளைகள் வேலைக்குப் போகும் நேரம். தோட்டம், சுத்தம் போன்றவை பின்னால். அவற்றுக்குக் கட்டண விகிதமும் அதிகம். திட்டம் தொடங்கியபோது வகுத்த விகிதப்படி, தாதியர் பராமரிப்பு, பிசியோ போன்ற மருத்துவ உதவிகளுக்கு நம் பங்கு இல்லை. தற்சார்புக்கான உதவிகளுக்கு முழு ஓய்வூதியக்காரர் 5%, சொந்த நிதியில் வாழ்பவர் 50%. சுத்தம், தோட்டம் போன்ற அன்றாட உதவிகளுக்கு 17.5%-இலிருந்து 80% வரை. 2024 செப்டம்பர் 12 அன்றோ அதற்கு முன்போ பழைய திட்டத்தில் ஒப்புதல் பெற்றவர்களுக்கு, முன்பைவிட மோசமாகாதபடி தனி விதி உண்டு.

பிள்ளைகளோடு சேர்ந்து வாழப் பிற்காலத்தில் வந்த பெற்றோருக்கு ஒரு முக்கியமான செய்தி. முதியோர் ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு வதிவிடம் வேண்டும். ஆனால் முதியோர் பராமரிப்புக்கு அந்த விதி இல்லை. ஓய்வூதியம் வாங்காதவரின் வருமான விவரம், உதவித்தொகைகளைக் கையாளும் அரசு அமைப்பான சர்வீசஸ் ஆஸ்திரேலியாவிடம் இருக்காது. வருமான, சொத்துப் படிவத்தை நிரப்பிக் கொடுக்காவிட்டால், ஒரு காசு வருமானம் இல்லாத அம்மாவையும் 50%, 80% கட்டும் பிரிவில் போட்டுவிடுவார்கள். சேவை தொடங்குமுன்பே அந்தப் படிவத்தை முடியுங்கள்.

நிதி ஒதுக்கீட்டுக் கடிதம் வந்த நாளிலிருந்து 56 நாளுக்குள் சேவை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். முடியாவிட்டால் 28 நாள் நீட்டிப்பு கேட்கலாம். முதலில் 60% மட்டும் இடைக்கால நிதியாக வந்தால் பயப்பட வேண்டாம், மீதி பிறகு சேரும். மிஞ்சும் பணத்தில் அடுத்த தவணைக்கு எடுத்துச் செல்ல முடிவது 1,000 டாலர் அல்லது 10%, எது அதிகமோ அது மட்டும்.

சக்கர நாற்காலி, குளியலறை, சாய்தளம்

கருவிகளுக்கான நிதி தவணையிலிருந்து தனி. 500 டாலர் வரை, 2,000 வரை, 15,000 வரை என்று மூன்று அடுக்குகள். வீட்டு மாற்றத்துக்கு 15,000 என்பது வாழ்நாள் முழுமைக்கும் சேர்த்து. கருவிக்கு 15,000 போதாது என்று தெரபிஸ்ட் காரணத்தோடு எழுதினால் அதற்கு மேலும் கேட்கலாம். சாயும் இருக்கையுள்ள பவர் நாற்காலிக்கு அப்படிக் கேட்கத்தான் வேண்டியிருக்கும். 12 மாதத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் ஒப்புதல் காலாவதியாகிவிடும்.

மதிப்பீட்டுக்கு முன் கடையில் சக்கர நாற்காலி வாங்கிவிடுவது மிகச் செலவான தவறு. மடக்கித் தள்ளும் மலிவு நாற்காலி, மருத்துவமனைக்கு அழைத்துப்போக மட்டுமே சரி. அதில் நாள் முழுக்க உட்காரும் பக்கவாத நோயாளி ஒரு பக்கம் சரிவார், எடை ஒரே எலும்பில் இறங்கும், படுக்கைப்புண் வரும், மறுபடி ஆஸ்பத்திரிதான். நாற்காலியைவிட அதன் இருக்கை மெத்தைக்கு அதிகக் கவனம் கொடுங்கள். அகலம், ஆழம், கால்தாங்கி உயரம் மூன்றையும் அளந்து, வீட்டிலேயே ஓட்டிப் பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும். அதுவரை ஆஸ்பத்திரியின் இரவல் கருவிகளைக் கேளுங்கள்.

சாய்தளத்துக்கு 1:14 சரிவு வேண்டும். வாசற்படி 300 மி.மீ. உயரம் என்றால் 4.2 மீட்டர் நீளம். அதற்கு மேல் திரும்ப இடமும் வேண்டும். சின்னப் பலகை போட்டால் நாற்காலி பின்னால் கவிழும். கதவுகளின் தெளிவான அகலம் 820 மி.மீ.-க்குக் குறைந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். வாழ்நாள் 15,000-ஐக் குளியலறைக்கு வைத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் புத்திசாலித்தனம்: தடுப்பில்லாத ஷவர் தரை, கைப்பிடி, வழுக்காத ஓடு. சாய்தளத்தை வாடகைக்கும் எடுக்கலாம், குளியலறையை முடியாது.

மாநிலக் கருவித் திட்டங்களையும் விட்டுவிடாதீர்கள்: விக்டோரியாவில் ஸ்வெப், நியூ சவுத் வேல்ஸில் எனேபிள் என்எஸ்டபிள்யூ, குயின்ஸ்லாந்தில் மாஸ். வேறு அரசு நிதி பெறுபவர்களை இவை எப்படி நடத்துகின்றன என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதால், வீட்டுப் பராமரிப்பு நிதியை ஏற்கும் முன்பே தெரபிஸ்ட் மூலம் கேட்டு விடுங்கள். மோட்டார் நியூரான் நோய் போல மாதக்கணக்கில் முற்றும் நோய்க்கு எந்த வரிசையும் தாங்காது. அந்நோய்க்கான மாநிலச் சங்கங்கள் கருவிகளை இரவல் தருகின்றன. நோயைக் கண்டறிந்த வாரமே பதியுங்கள்.

வயது பார்க்காத சில்லறை உதவிகள்

பாதி டாக்சிக் கட்டணம், வாகன நிறுத்த அட்டை, துணைக்கு வருபவருக்கு இலவச நுழைவு தரும் கம்பேனியன் கார்டு: மூன்றுக்கும் வயது தடையில்லை, மருத்துவர் சான்று வேண்டும். சலுகை அட்டை இருந்து, வீட்டில் ஆக்சிஜன் இயந்திரமோ மின் சக்கர நாற்காலியோ இயங்கினால், மின்செலவுக்காக ஆண்டுக்கு ஒருமுறை அத்தியாவசிய மருத்துவக் கருவிக் கொடுப்பனவு உண்டு. ஓய்வூதியக்காரர்களுக்குக் கேட்புக் கருவி உதவி தனித் திட்டம். கவனிக்கும் மகளோ மருமகளோ, பராமரிப்பவருக்கான உதவித்தொகையான கேரர் அலவன்ஸ் கேட்கலாம். வேலையை விட நேர்ந்தால் கேரர் பேமென்ட். பலர் முதலாவதையே கேட்பதில்லை, சம்பளம் வாங்குவதால் கிடைக்காது என்ற எண்ணம். அலவன்ஸுக்கான வருமான வரம்பு உயரமானது. 65-க்கும் 67-க்கும் இடையில் இயலாமை வந்தவர் டிஎஸ்பி எனப்படும் இயலாமை ஓய்வூதியத்துக்கும் விண்ணப்பிக்கலாம்; 67 ஆனதும் அந்த வழி அடைபடும்.

படிநிலை குறைவாக வந்தால்

கடிதத்தில் மறுபரிசீலனைக்கான கெடு போட்டிருக்கும். முதலில் அதை நாட்காட்டியில் குறியுங்கள். மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, உங்கள் 7 நாள் குறிப்போடு வரிவரியாக ஒப்பிடுங்கள். “தானே குளிக்கிறார்” என்று தவறாகப் பதிவாகியிருந்தால், அந்த வரியைச் சுட்டி, தெரபிஸ்ட் அல்லது குடும்ப மருத்துவரின் கடிதத்தோடு அனுப்புங்கள். “போதவில்லை” என்று பொதுவாக எழுதுவதால் பலன் இல்லை. மதிப்பீட்டுக்குப் பிறகு நிலைமை மோசமாகியிருந்தால் அது மறுபரிசீலனைக்கு உரியதல்ல. சப்போர்ட் பிளான் ரிவ்யூ கேட்க வேண்டும். இரண்டையும் குழப்பினால் வாரங்கள் வீணாகும். ஓபன் என்ற அமைப்பில் முதியோர் சார்பாகப் பேசும் பணியாளர்கள் இதற்கெல்லாம் இலவசமாகத் துணை நிற்பார்கள், எண் 1800 700 600. சேவை நிறுவனத்தின் மீது குறை என்றால் முதியோர் பராமரிப்புத் தர ஆணையம், 1800 951 822. எந்த எண்ணை அழைத்தாலும் பேசியவரின் பெயர், தேதி, குறிப்பு எண் மூன்றையும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை பேசுபவர் வேறொருவராகத்தான் இருப்பார்.